கையில் கருத்தடைக் குச்சி, தினமும் காசநோய் மாத்திரை: என்ன செய்வது?

வன்னிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு ஆறு மாதமாக இருக்கும்போது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் இடது கையில் இரண்டு ஜடெல் கருத்தடைக் குச்சிகள் வைத்துக்கொண்டார். அதற்கு இப்போது நான்கு வருடமும் ஐந்து மாதமும் ஆகின்றன. முதல் வருடம் கண்ட நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் பட்டது. பிறகு ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன், விடாத இருமலுக்குச் சளி சோதித்ததில் நுரையீரல் காசநோய் என்று தெரிந்து, ஆறு மாத மருந்து தொடங்கியிருக்கிறார். அதிலிருந்து மாதவிடாய் வரவில்லை. தடவிப் பார்த்தால் ஒரு குச்சிதான் கைக்குத் தட்டுப்படுகிறது. "கெட்ட இரத்தம் உள்ளே தேங்குது, காணாமல் போன குச்சி நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்கிறார் மாமி. சரி, எடுத்துவிடுவோம் என்று போனால், கிளினிக்கில் "ஐந்து வருடம் முடிந்த பிறகு வாங்க" என்றிருக்கிறார்கள். தனியார் இடம் ஒன்றில் கணவரின் கையெழுத்தைக் கேட்டிருக்கிறார்கள். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோகிறார். காசநோய் குணமான பிறகு மூன்றாவது பிள்ளை பெறலாமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். "இவ்வளவு காலம் குச்சி இருந்ததால் கருப்பை வரண்டு போயிருக்குமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் அடியில், பிறகு யோசித்து எழுதியது போல, இன்னும் ஒரு வரி: "ரி.பி. இருக்கென்று மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சொல்லவில்லை. குச்சி இருக்கென்று மார்பு நோய் கிளினிக்கில் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை."

தங்கச்சி, உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். நீங்கள் பயந்த விஷயங்கள் வேறு. நான் உங்களுக்காகப் பயப்படுகிற விஷயம் வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காசநோய்க்கு நீங்கள் விழுங்கும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதே, அதற்குக் காரணமான மருந்து அதுதான். அது ஈரலை வேகமாக வேலை செய்யவைக்கும். உங்கள் கையிலிருக்கும் குச்சிகள் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஹோர்மோனை ஒவ்வொரு நாளும் மிகச் சிறிய அளவில் இரத்தத்துக்கு விடுகின்றன. ஈரல் வேகமெடுத்தால் அந்தச் சிறிய அளவும் வேலை முடிக்குமுன் உடைந்துபோகிறது. குச்சி இருக்கும், ஆனால் கருத்தரிப்பைத் தடுக்கும் பலம் குறைந்துபோகலாம். காசநோய் மருந்து குடிக்கும் காலத்தில் குச்சியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வழமையான நிலையில் இந்தக் குச்சி மிகவும் நம்பகமானது. முதல் வருடத்தில் ஆயிரம் பெண்களில் ஒருவர் அளவில்தான் கருத்தரிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு ரிஃபாம்பிசின் எடுக்காத பெண்களுக்கு உரியது. இரண்டு மாதமாக நீங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறீர்கள். அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இதில் உங்கள் பிழை என்று நான் எதையும் பார்க்கவில்லை. "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? என்ன கருத்தடை பாவிக்கிறீர்கள்?" என்று கேட்கவேண்டியது வைத்தியர்களாகிய எங்கள் வேலை. ரி.பி. என்றால் ஊரே தள்ளி உட்காரும் என்ற பயத்தில் ஒரு பெண் வாயை மூடிக்கொள்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் குடும்பநல உத்தியோகத்தரான மிட்வைஃப் மிஸ்ஸுக்கு நீங்கள் சொல்வது அவருடைய பதிவேட்டோடு நிற்கவேண்டியது. அவர் வெளியே பேசக்கூடாது. பேசினால் அதை நீங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் முறையிடலாம்.

முதல் வேலை: கர்ப்பப் பரிசோதனை

பாமசியில் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி கிடைக்கும். காலைச் சிறுநீரில் செய்து பாருங்கள். கடைக்காரர் தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால், மிட்வைஃப் மிஸ்ஸிடமோ வைத்தியசாலையிலோ கேளுங்கள். சிறுநீரின் நிறம் மாறியிருந்தாலும் பரிசோதனை செய்யலாம். ஆனால் அந்த நிறத்தால் கோடு தெளிவாகத் தெரியவில்லை என்றால் இரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு கோடுதான் வந்தது, கர்ப்பம் இல்லை என்றாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். கணவர் கடைசியாக வந்துபோன நாளிலிருந்து மூன்று கிழமை கழித்து மறுபடி செய்யுங்கள். மிக அண்மையில் உண்டான கரு முதல் பரிசோதனையில் காட்டாது.

மாதவிடாய் நின்றதற்குக் கர்ப்பம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜடெல் வைத்தவர்களில் பலருக்கு மாதக்கணக்கில் வராமலிருக்கும். காசநோயில் உடம்பு இளைத்து, நிறை குறைந்தாலும் நின்றுவிடும். ஆனால் மற்ற இரண்டு காரணங்களையும் பொறுமையாகப் பார்க்கலாம், கர்ப்பத்தை அப்படி விட்டுவைக்க முடியாது.

மாமி சொல்லும் "கெட்ட இரத்தம்" பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மாதமும் வெளியேறுவது எங்கோ சேர்ந்து கிடந்த அழுக்கு இரத்தம் அல்ல. கருப்பையின் உட்சுவர் தடித்து வளர்ந்து, பின் உரிந்து வருவதுதான் மாதவிடாய். குச்சியின் ஹோர்மோன் அந்தச் சுவரைத் தடிக்கவிடாமல் வைத்திருக்கிறது. தடிக்காதது உரியாது, உரியாதது தேங்காது. கருப்பை வரண்டு போவதுமில்லை. குச்சியை எடுத்தால் ஹோர்மோன் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும், கருத்தரிக்கும் தன்மை தாமதமில்லாமல் திரும்பும். எடுத்த மாதமே கர்ப்பமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமிக்கு இதைக் கோபமில்லாமல் சொல்லிப் பாருங்கள். அவர் உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் பேசுகிறார்.

பரிசோதனையில் இரண்டு கோடு வந்தால்? பதற வேண்டாம். காசநோய் மருந்தை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். முதல் வரிசைக் காசநோய் மாத்திரைகளைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம், சிகிச்சை இல்லாத காசநோய்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. குச்சி இருக்கும்போது உண்டான கருவுக்கு அந்த ஹோர்மோனால் ஊனம் வருவதாக அறியப்படவில்லை. கர்ப்பத்தைத் தொடர்ந்தால் குச்சிகளை எடுத்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கரு எங்கே தங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தே ஆகவேண்டும். குச்சியோடு கர்ப்பமாவது அரிது. ஆனால் அப்படி ஆகும்போது அது கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றக் கர்ப்பங்களை விட அதிகம். ஆகவே யாரோ கொடுத்தார்கள் என்று கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். குழாயில் தங்கிய கருவை அந்த மாத்திரை தீர்க்காது. வீட்டிலிருந்தபடியே உள்ளுக்குள் இரத்தம் பெருகி உயிர் போகலாம்.

தட்டுப்படாத குச்சி

ஜடெல் குச்சிகள் மேற்கையின் உட்பக்கத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே, வி எழுத்து வடிவில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் நான்கு சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். கையை மடித்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் இரண்டு விரல் நுனியால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். சரியாக வைக்கப்பட்டிருந்தால் ஐந்து வருடமும் தட்டுப்பட வேண்டும். நீங்கள் காசநோயால் இளைத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் முன்னைவிட எளிதாகவே தட்டுப்பட வேண்டும். ஆகவே "நிறை கூடியதால் மறைந்திருக்கும்" என்று யாராவது சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. கட்டாயம் பார்க்கவேண்டிய விஷயம் இது.

பெரும்பாலும் அந்தக் குச்சி அங்கேயேதான், கொஞ்சம் ஆழமாக இருக்கும். வைத்த முதல் சில மாதங்களில் காயம் பழுத்து வெளியே வந்து விழுந்திருக்கவும் கூடும், அது மிகக் குறைவு. நெஞ்சுக்கு ஏறுவது பற்றி உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். கையில் ஒரே குச்சி மட்டும் வைக்கும் வேறு வகையில், குச்சி இரத்தக்குழாய்க்குள் போய் நுரையீரல் வரை சென்ற சம்பவங்கள் உலகில் மிக அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. ஆழமாக வைத்ததுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். தோலுக்குக் கீழே ஒழுங்காக வைத்த குச்சி கையை விட்டுப் பயணம் போவதில்லை. இடம் மாறினாலும் ஓரிரு சென்றிமீற்றர்தான்.

இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லும். வயிற்றுக்குப் பாவிக்கும் ஸ்கேன் கருவி முனையில் அது சரியாகத் தெரியாது. தோலோடு ஒட்டிய பகுதிகளைப் பார்க்கும் முனை வேண்டும். அதனால் கதிரியக்க நிபுணர் இருக்கும் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் கேட்டு வாங்குங்கள். இடம் தெரியாமல் கத்தியால் கிளறித் தேட எவரையும் விடாதீர்கள். அங்கே நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. குச்சியால் வந்த பிரச்சினையை விட, குச்சியைத் தேடியதால் வந்த பிரச்சினையோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

எடுக்கச் சொல்ல உங்கள் வார்த்தை போதும்

"ஐந்து வருடம் முடிந்த பிறகு வாங்க" என்பது தவறான பதில். ஐந்து வருடம் என்பது அந்தக் குச்சி அதிகபட்சம் எவ்வளவு காலம் பயன்படும் என்ற கணக்கு. அதுவரை நீங்கள் சுமக்கவேண்டும் என்ற ஒப்பந்தம் அல்ல. வைத்த மறுமாதமே எடுக்கச் சொன்னாலும் எடுக்கவேண்டும். காரணம் கேட்கலாம், பக்கவிளைவுக்கு மருந்து இருக்கிறது என்று விளக்கலாம். மறுக்கக்கூடாது. கணவரின் கையெழுத்தும் தேவையில்லை. அது அந்த இடத்தார் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம், சட்டம் கேட்பதல்ல. கணவரோடு பேசி முடிவெடுப்பது நல்லதுதான், நீங்கள் பேசித்தான் இருக்கிறீர்கள். அதற்காக அவர் கொழும்பிலிருந்து லீவு போட்டுக் கையெழுத்து வைக்க வரவேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குச்சிகளின் மூத்த வடிவமான நோர்பிளான்ற் ஆறு குச்சிகள் கொண்டது. 1983இல் பின்லாந்தில் முதன்முதலாக அனுமதி பெற்றது. இந்தோனேசியாவில் அதைப் பெருமளவு பெண்களுக்கு வைத்தார்கள். வைக்கப் பழகியவர்கள் நிறைய இருந்தார்கள், எடுக்கப் பழகியவர்கள் போதவில்லை. காலம் முடிந்தும் எடுக்க இடமில்லாமல் பெண்கள் அலைந்தார்கள். நம் மண்ணிலும் 2013இல், கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்கு அழுத்தம் கொடுத்துக் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் ஒரு பெண் "எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி, "பிறகு வா" என்ற பதில் கிடைத்தால், அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? நல்ல ஒரு கருத்தடை முறையின் மேல் நம்பிக்கை போவது இப்படித்தான். மனம் மாறினால் எடுத்துவிடலாம் என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் பெண்கள் பயமில்லாமல் வைத்துக்கொள்வார்கள்.

எடுப்பது பெரிய வேலையல்ல. விறைக்க ஊசி போட்டு, சில மில்லிமீற்றர் அளவுக்குக் கீறி, குச்சியின் நுனியை வெளியே தள்ளி எடுப்பார்கள். தையல் பெரும்பாலும் தேவைப்படாது. நான்கைந்து நாள் ஈரம் படாமல் வைத்திருக்கவேண்டும். கை கொஞ்சம் கன்றி நீலமாகும், பிறகு மாறிவிடும். எடுத்த பிறகு இரண்டு குச்சியையும் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். முழுமையாக, உடையாமல் வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த ஐந்து மாதம்

உங்களுக்குக் காசநோய் மருந்து இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரிஃபாம்பிசினின் தாக்கம் நிறுத்திய பிறகும் ஏறக்குறைய நான்கு கிழமை ஈரலில் தங்கும். ஆகவே ஐந்து மாதத்துக்கு வேறு பாதுகாப்பு வேண்டும். அது முடியும்போது குச்சியின் ஐந்து வருடமும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். என் யோசனை இது: கர்ப்பம் இல்லையென்றால் குச்சியை உடனே எடுக்கவேண்டிய அவசரம் இல்லை, எடுக்க நினைத்தால் தடையும் இல்லை. ஆனால் இன்றிலிருந்தே அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணவர் மாதம் ஒருமுறை வருபவர் என்பதால் ஆணுறையே போதுமாக இருக்கலாம், ஒவ்வொரு தடவையும், தொடக்கத்திலிருந்தே பாவிக்க அவர் சம்மதித்தால். அதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் நல்லது. அதில் ஹோர்மோன் இல்லை, ரிஃபாம்பிசினால் அதற்கு ஒன்றும் ஆகாது, எடுத்தவுடன் பிள்ளைக்கு முயலலாம். காசநோய் கருப்பைப் பக்கம் இருப்பவர்களுக்கு லூப் போடக்கூடாது. உங்களுக்கு நுரையீரலில் மட்டும்தான் என்பதை மார்பு நோய் வைத்தியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ கருத்தடை ஊசியையும் இந்த மருந்து கெடுக்காது. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகும். மூன்றாவது பிள்ளையைச் சீக்கிரம் நினைப்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மிதுரி போன்ற கருத்தடை மாத்திரைகளும் குச்சியைப் போலவே ரிஃபாம்பிசினால் பலமிழக்கும். அவசரத்துக்கு வாங்கும் கருத்தடை மாத்திரையான போஸ்டினோரும் அப்படித்தான். கணவர் வந்துபோய் ஐந்து நாளுக்குள் பயமாக இருந்தால், பாமசிக்குப் போகாமல் கிளினிக்குக்குப் போய்ச் செம்பு லூப் பற்றிக் கேளுங்கள்.

காசநோய் முடிந்த பிறகு மூன்றாவது பிள்ளை என்ற உங்கள் எண்ணம் சரியானது. மருந்து முழுதாக முடிந்து, உடம்பு தேறி, நிறை திரும்பி வரட்டும். பிள்ளை வேண்டாம் என்று மனம் மாறினால், பழையதை எடுக்கும் அன்றே புதுக் குச்சி வைக்கலாம். உடம்புக்கு இடைவெளி விடவேண்டும் என்பது வெறும் பேச்சு.

கையில் குச்சி இருக்கும் மற்றப் பெண்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இதற்கு மாதாமாதம் கிளினிக் வரத் தேவையில்லை என்பது உண்மை. அதை "வரவே கூடாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாளாந்தம் இரத்தம் பட்டால் வாருங்கள், சில நாள் மாத்திரையில் குறையும். நீடித்தால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபெனோபார்பிற்றோன் தொடங்கினால் வாருங்கள், அவையும் ரிஃபாம்பிசின் மாதிரியே குச்சியின் பலத்தைக் குறைக்கும். நிறை 80 கிலோவைத் தாண்டினால் ஜடெல்லை நான்காவது வருடத்திலேயே மாற்றுவது பற்றிப் பேச வாருங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

அடிவயிற்றில் தாங்கமுடியாத வலி, அதோடு தலைச்சுற்றும் மயக்கமும் வந்தால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள், அது இலவசம். கண் மஞ்சளாகி, சாப்பாடு வெறுத்து, வாந்தி வந்தால் அன்றைக்கே மார்பு நோய் கிளினிக்கில் காட்டவேண்டும். காசநோய் மருந்து ஈரலைத் தாக்கியிருக்கலாம். கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து புதிதாகக் கடுமையான தலையிடி வருவது, குச்சி வைத்த இடம் சிவந்து சீழ் வைப்பது, குச்சியின் நுனி தோலுக்கு வெளியே தெரிவது, இவற்றுக்கும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

குச்சி வைத்தபோது தந்த அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை. தேதி மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேட்டில் இருக்கும். காசநோய் மருந்து அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். என்ன சொல்வது என்று தடுமாறினால், இந்த வரிகளை ஒரு தாளில் எழுதி அப்படியே நீட்டுங்கள்: "எனக்குக் கையில் ஜடெல் இருக்கிறது. ரிஃபாம்பிசின் எடுக்கிறேன். இரண்டு மாதமாக மாதவிடாய் இல்லை. ஒரு குச்சி தட்டுப்படவில்லை." நாளைக் காலை மாத்திரை விழுங்கப் போகும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். பரிசோதனை முடிவு தெரிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.